செவலைக் காளை ஊதாவான கதை

கெட்டவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுலபம். நாலு பேரிடம் அவர்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். நல்லவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதுதான் முதுகொடியும் வேலை. திட்டுவதற்குக் காரணமே கிடைக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "ஏன்டி, அவ ஒன்னைய என்னதான்டி செஞ்சா?" என்று ஒரே கேள்வியில் கதை முடிந்துவிடும். என் அண்ணி சங்கீதாவைப் பார்த்து நான் அப்படித்தான் வெந்துகொண்டிருந்தேன். காரணம், ஒரு பிரிண்டர்.

எங்கள் ஊர் அரிமளத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும்போது அப்பாவை நச்சரித்து நான் ஒரு பிரிண்டர் வாங்கினேன். ஊரிலேயே வீட்டில் பிரிண்டர் வைத்திருந்த முதல் ஆள் நான்தான் (அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், யாரும் மறுக்கவில்லை). ஹால் டிக்கெட், ஆதார், கபடிப் போட்டி நோட்டீஸ், கிடாவெட்டு அழைப்பு, எதுவானாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கூலி கிடையாது. முருங்கைக்காய் வரும். அதோடு, "தீபா மட்டும் இல்லைன்னா இந்த ஊரு என்னத்துக்கு ஆவும்!" என்று ஒரு வார்த்தை வரும். முருங்கைக்காயை அம்மா எடுத்துக்கொள்வாள். அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரே தொல்லை, மை. பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் ஆளைப் பிழிந்துவிடுகிறார்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லாத மைப்பெட்டி, அதற்குப் பெயர் கார்ட்ரிட்ஜ். அதில் இரண்டு வாங்குகிற விலைக்கு இன்னொரு பிரிண்டரையே வாங்கிவிடலாம். அதனால் கலர் பிரிண்டை நான் ரேஷன்போலத்தான் கொடுத்தேன். சாமி படம் என்றால் கலர். மாமன் மச்சான் படம் என்றால் கறுப்பு வெள்ளை.

இப்படி ராஜாங்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணி வல்லத்திராக்கோட்டைப் பெண். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். சீர்வரிசை வந்து இறங்கியது. கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு. கடைசியாக ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே பிரிண்டர்! சாதாரண பிரிண்டர் இல்லை. முன்பக்கம் கண்ணாடிபோல் நாலு தொட்டி. பாட்டிலில் மை வாங்கி நேராக ஊற்றிக்கொள்ளலாம். என் பிரிண்டரைப் போலப் பல மடங்கு வேலை செய்யும், மைச் செலவோ அதில் கொஞ்சம்தான். சீர் பார்க்க வந்த பெண்கள் பீரோவை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள்.

"எண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்திக்கிட்டே இருக்கலாமாம்ல?"

"அப்ப தீபாவோடது?"

"அது பழசு."

அது பழசு! நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். கையில் சந்தனக் கிண்ணம் வேறு.

லீவு முடிந்து அண்ணன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான். அண்ணியும் அந்தப் பிரிண்டரும் எங்களோடு தங்கினார்கள். ஊர் மெல்ல இடம் மாறியது. முருங்கைக்காய் இப்போது அண்ணி பெயருக்கு வந்தது. சாமி படம், மாமன் படம் எல்லாவற்றையும் அண்ணி கலரிலேயே போட்டுக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே வேறு கொடுத்தார். எல்லாவற்றையும்விட என்னை அறுத்தது முத்தையா சித்தப்பா விஷயம்தான். அப்பாவின் தம்பி. பிறந்ததிலிருந்து என்னை ஒருத்தியைத்தான் "ஆத்தா" என்று கூப்பிட்டவர். ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆத்தா, பட்டா நகல் ஒண்ணு எடுத்துக் குடு" என்றார். நான் எழுந்தேன். சித்தப்பா என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட்டது அண்ணியை.

அன்றைக்கு முடிவெடுத்தேன். என் கார்ட்ரிட்ஜுக்கு நானே மை நிரப்புவது. பாட்டில் மையும் ஊசியும் வாங்கிவிட்டால் அண்ணி செலவைவிடக் குறைவாகவே முடித்துக் காட்டலாம். செய்முறை வீடியோ ஒன்று கிடைத்தது. (எனக்கு எதையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் பார்க்க வரும். நடுநடுவே தாண்டவும் செய்வேன். அரசுத் தேர்வுகளை நான் இன்னமும் எழுதிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அப்பா சொல்கிறார்.)

முதலில் காய்ந்துபோன கார்ட்ரிட்ஜை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். கைக்குக் கிடைத்த பாத்திரத்தில் ஊறவைத்தேன். பழைய மையெல்லாம் கரைந்து இறங்கி, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். அப்புறம்தான் சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அடியேய்! ரசம் வைக்கிற ஈயச் சொம்புலயாடி இந்தக் கருமத்தைப் போட்டே?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவர்சில்வர் ரசம்தான்.

கார்ட்ரிட்ஜின் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் மூன்று ஓட்டைகள் இருக்கும். ஒன்று நீலத்துக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று மஞ்சளுக்கு. எந்த ஓட்டை எந்த நிறம் என்று பல்குச்சி விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும். வீடியோவில் நான் தாண்டிய இடம் அதுதான். பார்த்திருந்தாலும், ஊறவைத்து வெளுத்த பெட்டியில் குச்சியில் ஒட்ட என்ன மிச்சம் இருந்திருக்கும்? அந்த நேரம் பார்த்து அண்ணி கதவோரம் வந்து நின்றார்.

"தீபா, எந்த ஓட்டையில எந்தக் கலருன்னு பாத்துக்கிட்டியா? எங்க ஸ்கூல்ல ஒருக்கா மாத்தி ஊத்திப்புட்டாங்க."

"எனக்குத் தெரியும் அண்ணி. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றேன்.

(கம்ப்யூட்டர் சயின்ஸில் இந்தப் பாடம் இல்லை.)

ஊற்றினேன். விரல், மேசை, நைட்டி எல்லாம் மூவர்ணம். சோதனைக்கு எங்கள் வயல் படம் ஒன்றை அச்சடித்தேன். பச்சைப் பசேலென்று வந்தது பாருங்கள்! நெற்பயிர் காற்றில் ஆடுவதுபோலவே இருந்தது. அதை அண்ணியின் அறைக்கதவுக்கு நேர் எதிரே, அவர் வெளியே வந்தால் முதலில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டினேன். அண்ணி பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். மனசாரச் சொன்னார். அதுதான் எரிச்சல்.

இனி காளை. சித்தப்பாவுக்கு துரை என்று ஒரு செவலைக் காளை உண்டு. கன்றிலிருந்து அவர் கையில் வளர்ந்தது. குன்றாண்டார்கோவில் பக்கம் சித்தி பிறந்த ஊரில் வருஷாவருஷம் ஜல்லிக்கட்டு நடக்கும். அந்த வாடிவாசலில் துரையை அவிழ்த்துவிட வேண்டும், மாமனார் வீட்டு ஆட்கள் அதைப் பார்க்க வேண்டும். சித்தப்பாவின் லட்சியம் அவ்வளவுதான். இரண்டு வருஷமாக டோக்கன் கிடைக்கவில்லை. "ஒங்க மாடு வாசலப் பாக்குறதுக்குள்ள எங்களுக்குப் பல்லு போயிரும் மாப்ள" என்று மச்சான்மார் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் நான் பதிவு செய்து கொடுத்தேன், டோக்கன் கிடைத்துவிட்டது. காளையும் சித்தப்பாவும் சேர்ந்து நிற்கும் போட்டோவோடு அதைக் கலரில் அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு மாட்டுக்கு வாங்கிய டோக்கனில் வேறு மாட்டை ஓட்டிவந்துவிடுவார்கள் என்று வாசலில் போட்டோவையும் மாட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஜல்லிக்கட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் சித்தப்பா வந்தார். "ஆத்தா சங்கீதா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நான் பாய்ந்தேன். "பதிவு பண்ணுனது நானு. பிரிண்டும் நான்தான் எடுப்பேன்!"

எடுத்தேன். காகிதம் மெதுவாக வெளியே வந்தது. முதலில் எழுத்து, கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. அடுத்து மரம், பச்சை. அதற்கடுத்து ஊதா நிறத்தில் இரண்டு கொம்பு வந்தது. பின்னாலேயே, மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்த கத்திரிக்காய்போல, முழுக் காளையும் வந்தது. பக்கத்தில் அதே நிறத்தில் சித்தப்பா.

சித்தப்பா காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "என்ன தீபா, பய இப்புடிக் கன்னிப்போயிருக்கான்?"

"ஈரமா இருக்குல்ல. காஞ்சா சரியாயிரும் சித்தப்பா."

"நானுமா காயணும்?"

அண்ணி எட்டிப் பார்த்தார். "தீபா, என் பிரிண்டர்ல வேணும்னா ஒண்ணு..."

"வேணாம் அண்ணி. காஞ்சா சரியாயிரும்."

பச்சை எப்படி ஒழுங்காக வந்தது, செவலை எப்படிக் கெட்டது என்று பிறகுதான் புரிந்தது. நீலத்தையும் மஞ்சளையும் இடம் மாற்றி ஊற்றியிருந்தேன். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பச்சை. மாற்றி ஊற்றினாலும் பச்சை பச்சைதான். செவலைக்கு வேண்டியதோ சிவப்பும் மஞ்சளும். மஞ்சள் வரவேண்டிய இடத்தில் நீலம் வந்ததால் துரை ஊதாவாகிவிட்டான். உலகத்தில் எத்தனையோ படங்கள் இருக்க, தப்பைக் காட்டிக்கொடுக்காத ஒரே படத்தை வைத்துச் சோதித்திருக்கிறேன்.

விடியும்போது துரையைக் குட்டியானையில் (சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். என் பிரிண்ட் செய்த வேலையை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நானும் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ஃபைல் கவரைத் திறந்து திறந்து பார்த்தேன். காகிதம் நன்றாகவே காய்ந்திருந்தது. காளை இன்னும் நன்றாக ஊதாவாகியிருந்தது.

வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்தவர் டோக்கனைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் டோக்கனைப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது ஊதா மாடு. நீங்க புடிச்சிருக்கிறது செவலை. நான் எதைங்க நம்புறது?"

"சார், ஒலகத்துல ஊதா மாடு ஏது சார்?" என்றார் சித்தப்பா.

"அதைத்தாங்க நானும் கேக்குறேன். சரி, பக்கத்துல நிக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். போனில் எடுத்துக் காட்டலாம் என்றால் அந்தக் கூட்டத்தில் நெட் படுத்துவிட்டது. "கலர் சரியா இருக்கிற காப்பி கொண்டாங்க. இல்லைன்னா மாட்டை அங்கிட்டு ஓட்டுங்க, அடுத்த ஆளு வரட்டும்" என்றார் அவர். சித்தப்பா துரையின் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மச்சான்மார் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "விடு ஆத்தா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். ஆத்தா! அந்த வார்த்தை எனக்குத் திரும்பிக் கிடைத்த நேரத்தைப் பாருங்கள்.

போனை எடுத்தேன். அண்ணிக்கு அடித்தேன். வாழ்நாளில் யாரிடமும் நான் அப்படிக் குழைந்ததில்லை. "அண்ணி... வந்து... ஒங்க பிரிண்டர்ல..."

"ஃபைல் கவர்ல பின் பக்க மடிப்புக்குள்ள பாரு தீபா. நேத்தே ஒண்ணு எடுத்து வச்சிட்டேன். ஒருவேளை காயலைன்னா ஆவுமேன்னு."

பார்த்தேன். காளை செவலையாக, சித்தப்பா மாநிறமாக, மரம் பச்சையாக, எல்லாம் கடவுள் படைத்தபடியே இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'ஒருவேளை காயலைன்னா' என்று எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார், இதில்கூட இவர் என்னை ஜெயிக்க வேண்டுமா என்றுதான் வந்தது. துரை உள்ளே போன பிறகு, கொஞ்சம் தாமதமாக, நன்றியும் வந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மேசைக்காரர் நல்ல காப்பியை வைத்துக்கொண்டு என் ஊதாவைப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி மைக் பிடித்திருந்தவரிடம் போய்ச் சேர்ந்தது. ஊருக்கே கேட்டது:

"அடுத்து வாரது அரிமளம் பக்கத்துலேர்ந்து முத்தையா மாடு! எப்பா, டோக்கன்ல மாடு ஊதாவா இருக்குப்பா! நேருல செவல, பேப்பருல ஊதா, இது கலர் மாறுற மாடு! தொடுறவன் பாத்துத் தொடு, கையில சாயம் ஒட்டிக்கிட்டா கமிட்டி பொறுப்பில்ல!"

மாடுபிடிக்க நின்ற பையன்கள் சிரித்துத் திரும்பி மைக்கைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் துரை வாசலைத் தாண்டி, அவர்களையும் தாண்டி, வைக்கோல் பரப்பியிருந்த கடைசிவரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்த்தான். ஒருத்தன் விரல்கூட அவன்மேல் படவில்லை. "மாடு ஜெயிச்சிருச்சு! ஊதா மாடு ஜெயிச்சிருச்சு!" என்றது மைக். மச்சான்மார் தடுப்பைத் தாண்டி வந்து சித்தப்பாவைத் தூக்கினார்கள். பரிசாகக் கிடைத்த அண்டாவைச் சித்தப்பா நேராகக் கொண்டுபோய் அண்ணியிடம்தான் கொடுத்தார். (எனக்கு ஒரு டீ.)

அன்றிலிருந்து துரை என்ற பெயரை மாட்டைத் தவிர எல்லாரும் மறந்துவிட்டார்கள். வாடிவாசல்களில் அவன் 'ஊதா'. கொம்பில் ஊதா ரிப்பன், கழுத்தில் ஊதாத் துண்டு. வீட்டில் சட்டை வெளுத்தாலும், சாம்பார் நிறம் மாறினாலும், யாராவது கோபித்துக்கொண்டாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "காஞ்சா சரியாயிரும்."

ஒவ்வொரு தை மாதமும் துரைக்கு ஒரு வாழ்த்துப் படம் அச்சடித்து வண்டியின் முன்னால் ஒட்டுவார்கள். சித்தப்பாவுக்கு அதே ஊதா வேண்டும். அண்ணி கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றி மாற்றி, தொட்டி தொட்டியாக மையைத் தீர்த்துப் பார்க்கிறார். ரோஸ் வருகிறது, நீலம் வருகிறது, அந்தக் கத்திரிக்காய் நிறம் மட்டும் வருவதில்லை. சித்தப்பா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அது இல்லை" என்று சொல்லி என் பக்கம் திரும்புகிறார். "ஆத்தா, நீ ஊத்து."

நான் ஊசியை எடுத்து, நீலத்தையும் மஞ்சளையும் அக்கறையாக இடம் மாற்றி ஊற்றுகிறேன். ஊதாக் காளை கொம்பிலிருந்து வால்வரை அப்படியே இறங்கி வருகிறது. அண்ணி காகிதத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். போன வருஷம் சொன்னதைவிடச் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நான் எத்தனை நாள் கண்ணாடியில் பார்த்த முகம் அது.

"காஞ்சா சரியாயிரும் அண்ணி" என்கிறேன்.