பொடி எழுத்து

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இதை எழுதும் நிமிடம்வரை இங்கே எல்லோரும் நலம். எழுத்து பூசணிக்காய் அளவில் இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். போனில் சொல்லலாம் என்றால் என் ரகசியக் குரலே தெருமுனைவரை கேட்கும்.

மன அமைதிக்கென்று நீங்கள் அனுப்பிய தேனும் வினிகரும் மூலிகையும் கலந்த டானிக் வந்து சேர்ந்தது. அன்றோடு என் அமைதி போயிற்று. உங்கள் தங்கை பாட்டிலை என்னிடம் நீட்டி, எப்படிச் சாப்பிடுவது என்று படிக்கச் சொன்னாள். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ தெரிந்தது. மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் இதை எந்த வாயால் சொல்வது? ஆகவே பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் படிப்பதுபோல் அளந்துவிட்டேன். விடிந்ததும் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, நிலைக்கண்ணாடி முன் உட்கார்ந்து, மறைத்து வைத்த ஒன்றை வீட்டார் காதுபட உரக்கச் சொல்ல வேண்டும் என்றேன். மூலிகை என்றால் கொஞ்சம் கெடுபிடி வேண்டாமா?

ஞாயிறுக்கு ஒருவர் என்று முறை வைத்தாயிற்று. முதலில் உங்கள் தங்கை. புளிப்பில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, "குளியலறைக் கதவ இவரு சரிபண்ணல. இவரு வெளிய போனதும் தச்சரக் கூப்பிட்டு நான்தான் பண்ணவச்சேன்" என்றாள். ஏழு வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதவைத் திறந்து மூடிக் காட்டியவன் நான். அடுத்த ஞாயிறு மகள். பெட்ரோல் வாசனை குமட்டுகிறது என்று என் காரை விட்டு பஸ்ஸில் வேலைக்குப் போகிறாளே, அது பொய்யாம். "அப்பா ஓட்டுறப்ப எனக்குப் பயமா இருக்கு" என்றாள். கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் பயம் வீண் இல்லை. போன வியாழன், கிழவர் குறுக்கே வருகிறார், பிரேக் போடுங்கள் என்று என்னிடம் கற்றுக்கொள்ளும் பல் டாக்டரம்மாவை அதட்டினேன். போட்டார். கிழவர் அசையவில்லை. நான் தலையை வெளியே நீட்டி, சீக்கிரம் தாண்டிப் போகச் சொன்னேன். "சார், அது தபால் பெட்டி" என்றார் அந்தம்மா. சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அடுத்த சந்தில் நிஜமாகவே ஒருவர் குறுக்கே வந்தார். அவரை நான் பார்க்கவே இல்லை. அந்தம்மாதான் தானாக பிரேக் போட்டார்.

வரும் ஞாயிறு என் முறை. புளுகலாம் என்றால், கண்ணாடி முன் புளுகினால் டானிக் வயிற்றைப் புரட்டும் என்று நானே படித்துத் தொலைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் சாவி போய்விடும். சாவி இல்லாமல் நான் யார், மச்சான்? சரக்கு கெட்டுவிட்டது, கொட்டிவிடு என்று தங்கைக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி, நல்ல பார்வையோடு வாழட்டும். படித்ததும் கிழித்துவிடவும்.

ஞாயிறை நினைத்து நடுங்கும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். உறைமேல் முகவரி எழுதச் சொல்லித் தந்தார். பசையை வெளிப்பக்கம் தடவியதால் உறை அவர் கையில்தான் ஒட்டியிருந்தது. படித்துவிட்டேன். பாட்டில் சீட்டை முதல் நாளே படித்தேன். 'அருந்தியபின் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது' என்றுதான் போட்டிருக்கிறது. அன்று அவர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கண் மங்கியது அப்போதே புரிந்தது; தானாகவே சொல்லட்டும் என்றுதான் நானும் மகளும் எங்கள் ரகசியங்களை முந்திக்கொண்டு சொல்லிவைத்தோம். டாக்டர் தடுத்ததும் தெருவில் நடந்ததும் இப்போதுதான் தெரியும். இனி ஞாயிறுவரை பொறுக்க முடியாது. போன் போடாதீர்கள். கார் சாவியை அவர் கண்ணெதிரே, நிலைக்கண்ணாடியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். அரை மணி நேரமாக அதன் முன்னால் நின்று சட்டைப்பையைத் துழாவுகிறார். எங்கே என்று என்னை இன்னும் கேட்கவில்லை.