ஐயத்துக்கு இடமில்லாத ஒரு விண்ணப்பம்

எந்த விண்ணப்பத்தை நீட்டினாலும் திருத்தாமல் திருப்பித் தர என்னால் முடியாது. முப்பத்து நான்கு வருடம் வருவாய்த்துறையில் மனுக்களைப் படித்து ஓய்வு பெற்றவன். (எங்கள் கல்யாணப் பத்திரிகையின் அடியில் 'இணைப்பு: வழி வரைபடம்' என்று அச்சடிக்க வைத்தவனும் நான்தான்.)

என் மகள் ரூபி, வடக்கே பலரும் போட்டி போடும் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தத்துவம் படிக்க ஆசைப்பட்டாள். ஏன் தத்துவம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் என் அப்பாவை அடக்கம் செய்த நாளைப் பற்றி எழுதியிருந்தாள். 'தாத்தா நல்ல இடத்துக்குப் போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னோம். பிறகு ஏன் அப்படி அழுதோம்? சொல்வதை நாம் நம்புகிறோமா? எனக்குத் தெரியவில்லை.'

தெரியவில்லை என்று முடியும் மனுவை எந்த அலுவலகம் ஏற்கும்? அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது கணினி முன் உட்கார்ந்தேன்.

"பிள்ள எழுதினதுல எதுக்குக் கை வைக்கியோ?" என்றாள் மனைவி.

"உனக்கு நடைமுறை தெரியாது."

'தாத்தா நல்ல இடத்தில் இருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆகவே மேற்படி துறையில் இடம் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடித்து, 'இது என் சொந்த எழுத்து' என்ற கட்டத்திலும் டிக் அடித்து அனுப்பினேன்.

நேர்காணல் எங்கள் பாளையங்கோட்டை வீட்டிலேயே, லேப்டாப்பில், ஆங்கிலத்தில் நடந்தது. நான் கேமராவில் படாமல் லேப்டாப்புக்குப் பின்னால் பனியனோடு நின்றேன். பேராசிரியை அந்த வரிகளை வாசித்துவிட்டு, "எதிலும் ஐயமில்லாதவருக்கு எங்கள் துறையில் என்ன வேலை?" என்றார்.

ரூபி என்னைப் பார்த்தாள். "எழுதியது என் அப்பா. இங்கேதான் இருக்கிறார்."

"கூப்பிடுங்கள்."

"சட்டையப் போட்டுட்டுப் போங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"உங்கள் தந்தை நல்ல இடத்தில் இருப்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா?" என்று பேராசிரியை கேட்டார். கடைசி மூச்சு வரை அவர் கையைப் பிடித்திருந்தவன் நான். ஆம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பரிசீலனையில் உள்ளது" என்றேன்.

"விண்ணப்பித்தவர் நீங்களாக இருந்தால் யோசித்திருப்போம்" என்றார் அவர்.

சொந்த எழுத்து என்ற உறுதிமொழி பொய்யானதால் அந்த வருடம் ரூபிக்கு இடமில்லை. "தெரியலன்னு ஒத்துக்கிடதுக்கே எனக்கு ஒரு வாரம் ஆச்சுப்பா. அத ஏன் அழிச்சிய?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வருடம் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, தானே எழுதிச் சேர்ந்தாள்.

இப்போது கல்யாணப் பேச்சை எடுத்தால் போனில், "பரிசீலனையில இருக்குப்பா" என்கிறாள். காலையில் காபி கேட்டால் மனைவியும் அதையேதான் சொல்கிறாள். கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்குப் பூ வைக்கும்போது மட்டும் மூவரும் அதைச் சொல்வதில்லை.