அப்பா பிடித்தால் ஓடும் இயந்திரம்

நன்றாகப் படிக்கிற பிள்ளையின் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. நான் நன்றாகப் படிப்பேன்.

பெரம்பலூரில் மெக்கானிக்கல் கடைசி வருடம். நானும் தோழி யாஸ்மினும் செய்த புராஜெக்ட், அதிர்வாலேயே பொருட்களை நகர்த்தும் இயந்திரம். சாய்வான ஸ்பிரிங்குகள் மேல் ஒரு தகரத் தட்டு, அடியில் மோட்டார். மோட்டார் சுற்றினால் தட்டு நடுங்கும். அதிலுள்ள முந்திரிக்கொட்டைகள் துள்ளித் துள்ளி முன்னேறிக் கிண்ணத்தில் விழும். லேப் மேசையில் போல்ட் போட்டு முடுக்கியபோது அப்படியே விழுந்தன. அன்றிலிருந்து என் நடையே மாறிவிட்டது. (காப்புரிமையில் இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதுதான் பாக்கி.)

தேர்வு நாளன்று, ஜெயங்கொண்டம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா ஒரு பை முந்திரிக்கொட்டையோடு பஸ்ஸில் வந்திறங்கினார். மகளின் இயந்திரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று ஹாலில் ஓரமாக நின்றுகொண்டார்.

ஹாலில் மேசைகள் புதியவை. ஓட்டை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாஸ்மின் தயங்கினாள்.

"சும்மா வெச்சாலே போதும்டி. அதோட வெயிட்டே புடிச்சுக்கும்" என்றேன்.

வெளியூர்த் தேர்வாளர் வந்து எதிரே அமர்ந்தார். இதில் தேறாவிட்டால், கேம்பஸில் கிடைத்திருந்த வேலை போய்விடும். "சார், இது பொருளை நகர்த்தும்" என்று சுவிட்சைப் போட்டேன்.

முந்திரிக்கொட்டைகள் நின்ற இடத்திலேயே ஆடின. இயந்திரம் கிளம்பியது. வழவழப்பான மேசையில் நேராகத் தேர்வாளரை நோக்கி நடந்தது. அவர் முதலில் டீ கிளாஸை எடுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியோடு பின்வாங்கினார்.

"எந்தப் பொருளம்மா நகரும்?"

வேகத்தைக் குறைக்கப் போன யாஸ்மின், பதற்றத்தில் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். இயந்திரம் மேசை விளிம்புக்கே வந்துவிட்டது. அப்போது அப்பா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தார்.

பிடித்ததும் அவரும் நடுங்கத் தொடங்கினார். கன்னம், மீசை, சட்டைப் பையிலிருந்த பேனா எல்லாம் தனித்தனியாக.

"பா-பா-ப்பா... நி-நிறு-று-த்து-ம்மா..."

நான் நிறுத்தவில்லை. அடிப்பாகம் அசையாமல் நின்றதால், கொட்டைகள் வரிசை கட்டிப் போய் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழ ஆரம்பித்திருந்தன. ('பெத்தவரு அங்க நடுங்குறாரு, நீ கொட்டையப் பாத்துக்கிட்டு நின்னியா?' என்று அம்மா பிறகு கேட்டார். நின்றேன்.)

தேர்வாளர் குனிந்து பார்த்தார். "ஐயா, இன்னும் கொஞ்சம் புடிங்க. நல்லா போவுது."

கடைசிக் கொட்டை விழும்வரை ஐயா பிடித்தார். நான் தேறினேன். "அடுத்த தடவை போல்ட் போட்டுடும்மா. போற எடத்துக்கெல்லாம் அப்பாவக் கூட்டிட்டுப் போவ முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேர்வாளர் அடுத்த மேசைக்குப் போனார்.

இப்போது அரியலூரில் குடியிருக்கிறோம். போன மாதம் எங்கள் வாஷிங் மெஷின், துணி பிழிகிற வேகத்தில் நடந்து கூடத்துக்கே வந்துவிட்டது. மெக்கானிக்கல் இன்ஜினியர் நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கணவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

ஸ்பீக்கரில் அப்பா நிதானமாகக் கேட்டார்: "எவ்ளோ நேரம் புடிக்கணும் மாப்ள?"