திறக்காத கதவும் மனித இடர்ப் பிரிவும்

லண்டனில் எங்கள் காப்பீட்டு நிறுவனம் ஆபத்து என்றால் ரொம்பக் கண்டிப்பு. ஊரார் வீடு எரிந்தால் இழப்பீடு கொடுப்பதே எங்கள் பிழைப்பு. எங்கள் மூன்றாம் மாடியில் தீப்பிடித்தால் தப்பி ஓட ஒரு பின்வாசல் உண்டு. அதன் கதவு மட்டும் திறக்காது.

இழப்பீட்டுப் பிரிவு ஹேசல் இதைப் புகாராக எழுதிக் கொடுத்தாள். அது கட்டடப் பராமரிப்புக்குப் போகாமல், புதிதாக உதயமாகியிருந்த மனித இடர் மேலாண்மைப் பிரிவுக்குப் போயிற்று. விபத்துக்குக் காரணம் பொருள்கள் அல்ல, மனிதர்களின் நடத்தையே என்பது அப்பிரிவின் மேலான கொள்கை. அதன் தலைவர் டாக்டர் ரூபர்ட் பெல்லமி, கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தயக் காலணி போட்டு வருகிறவர். ஓடி யாரும் பார்த்ததில்லை.

அவர் ஹேசலைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"கதவு திறக்கலைன்னு உங்களுக்கு எப்பலேருந்து தோணுது?"

"தோணல ரூபர்ட், இழுத்துப் பாத்தேன்."

"வேற யாரும் சொல்லலையே?"

"வேற யாரும் இழுக்கல."

"அதான் பாருங்க. உங்க கண்ணுக்குக் கெட்டதே படுது. ஒருத்தர் சொன்னா அது மனச்சாய்வு, ரெண்டு பேர் சொன்னா ஆதாரம். இன்னும் ஒரே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, கதவை மாத்திடலாம்."

ஹேசல் மேஜை மேஜையாகப் போனாள். "உன் தைரியம் யாருக்கு வரும், ஹேசல்" என்று மனதாரப் பாராட்டினோம். அடுத்த மேஜைக்கு அனுப்பிவைத்தோம். என்னிடம் வந்தபோது நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

பெல்லமியும் சும்மா இருக்கவில்லை. கதவு வரைக்கும் தரையில் பச்சைப் பாதச் சுவடுகள் வரையச் சொன்னார். கதவின்மேல், "உங்கள் சகாக்கள் இந்தக் கதவை நம்புகிறார்கள்" என்று ஒட்டினார். நம்பிக்கை வளர்ந்தது. கதவு அப்படியே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாடியிலிருந்த அடுப்படியில் யாரோ ரொட்டியைக் கருக்கிவிட, பக்கத்திலிருந்த துணியிலும் தீ பற்றி, எச்சரிக்கை மணி அலறியது. சுவடு பிடித்துப் போய் அழகாக வரிசையில் நின்றோம். முதலில் நின்றவர் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மன்னிக்கணும், கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கு."

"பரவால்ல, பரவால்ல" என்றோம். புகை வந்தது. இருமினோம். வரிசை கலையவில்லை. பாதியில் வரிசையை விட்டுப் போவது எங்கள் ஊரில் குடும்பத்துக்கே இழுக்கு.

"அங்க நின்னு என்னய்யா பண்றீங்க, முன்வாசலுக்கு வாங்க" என்று கத்தியபடி ஹேசல் எங்களை இடித்துக்கொண்டு ஓடினாள். தீயணைப்பானை எடுத்து அவளே அடுப்படியில் தீயை அணைத்தாள். இடிபட்டவர்கள் முகம் சுளித்தார்கள்.

விசாரணை அறிக்கை விரைவில் வந்தது. ஊழியர் நடத்தை போற்றத்தக்கது, கதவுக்கு நடத்தை இல்லாததால் அது ஆய்வு வரம்புக்குள் வராது, வரிசையைக் குலைத்த ஒருவரே எஞ்சியிருக்கும் மனித இடர் என்று அதில் கண்டிருந்தது. இடர் நீக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை ஹேசலுக்குப் பிரிவு உபசாரம். கேக் வெட்டினோம். பெரிய அட்டையில் மொத்த மாடியும் கையெழுத்துப் போட்டிருந்தது. பெல்லமி கையெழுத்தும் உண்டு. இடம் போதாமல் சிலர் பின்பக்கம் போட்டிருந்தார்கள்.

ஹேசல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுதானே கேட்டேன்" என்றாள்.

நாங்கள் கைதட்டினோம்.