காதோரச் சித்தரும் கடைசி ஆட்டமும்

ஆட்டமே இல்லாத நாளில் கால்பந்து ஸ்டேடியத்தின் வாசலில் கூட்டம் முட்டி மோதியது. ஆட்ட நாளில் ஈயோட்டிக் கிடக்கும் அதே வாசல்தான். இந்த அணியோ இரண்டாம் பிரிவு லீக்கில் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு எதற்குக் கூட்டம்? டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து அறையில் காதோரச் சித்தர் எழுந்தருளியிருந்தார்.

சீசன் தொடங்கும்போது அணி முதல் பிரிவுக்கு ஏறிவிடும் என்று எல்லோரும் மார் தட்டினார்கள். அணி கிடுகிடுவென்று இறங்கியது. தொடர் தோல்வியில் பயிற்சியாளருக்குத் தூக்கம் போனது. டயர் கம்பெனி நடத்தி அணியையும் நடத்திய முதலாளிக்குப் புத்தி போனது. நல்ல ஆட்டக்காரர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாக, நல்ல சித்தர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்.

சித்தரின் முறை எளிமையானது. ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். பெட்டியில் காணிக்கை விழுந்ததும் அவர் கண்ணை மூடுவார். காதோரம் குனிந்து, அடுத்த ஆட்டத்தின் முடிவை ஒரே சொல்லில் ஊதுவார். பிறகு எச்சரிக்கை வரும்: "வெளிய மூச்சு விடாதே. சொன்னா வாக்கு உடைஞ்சிடும்."

ஆட்டம் முடிந்த மறுநாள், வாக்குப் பலித்தவர்கள் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார்கள். "புட்டுப் புட்டு வச்சுட்டாருப்பா!" பலிக்காதவர்கள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல இருந்தார்கள். முடிவெட்டுபவர் ஒருவர் மட்டும் துணிந்து போய்க் கேட்டார்.

"ஜெயிக்கும்னு சொன்னீங்களே சாமி, தோத்துட்டோமே?"

"யாருகிட்ட சொன்னே?"

"சத்தியமா யாருகிட்டயும் சொல்லலை."

"மனசுக்குள்ள பெருமைப்பட்டியா?"

முடிவெட்டுபவர் யோசித்தார். பட்டிருந்தார். தலையைக் குனிந்து பெட்டியில் இன்னொரு காணிக்கையைப் போட்டுவிட்டு வந்தார். ஊருக்கெல்லாம் மொட்டையடிக்கிறவருக்கே மொட்டை!

சித்தர் அத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஒருநாள் ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறைக்கும் வந்தார். எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு கயிறு கட்டினார். கோல்கீப்பர் மட்டும் கையை நீட்டவில்லை.

"கையைக் கட்டிட்டா பந்தை எதால சாமி பிடிக்கிறது?"

அறையே சிரித்தது. சித்தர் சிரிக்கவில்லை. நேராக முதலாளியிடம் போனார். "உன் கீப்பர் பார்வையில தோஷம் இருக்கு. வலைக்கு அவன்தான் எதிரி" என்றார். அணியில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த ஒரே ஆள் அன்றிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதன் பிறகு வலைக்குள் பந்து விருந்தாளிபோல வந்துபோனது. சித்தரின் அறைக் கூட்டமோ இன்னும் பெருகியது. தோற்கத் தோற்க மக்களுக்குப் பயம். பயம் கூடக் கூட அவருக்கு அறுவடை.

கடைசி ஆட்டம் வந்தது. சொந்த மைதானம். டிராவாவது செய்தால் இரண்டாம் பிரிவில் தப்பிப் பிழைக்கலாம். தோற்றால் மூன்றாம் பிரிவு. கீப்பர் உட்படப் பலருக்கும் வேலை போகும்.

அன்று காலை கீப்பரின் மனைவி தன் அம்மா வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பாதான் ஸ்டேடியத்தில் மைக் பிடிக்கும் அறிவிப்பாளர்.

"அம்மா, அந்தப் பெரிய பெட்டி எங்கே இருக்கு?"

"பெட்டி எதுக்குடி? சாயங்காலம் தெருவையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன். வந்து வெங்காயத்தை உரி."

"விருந்தா? எதுக்கு?"

"ஜெயிக்கப் போறோமே! எனக்கு நல்லாத் தெரியும்."

"தோக்கப் போறோம்மா. வேலை போனா வேற ஊருதான். எனக்கும் நல்லாத் தெரியும்."

"உனக்கு யாருடி சொன்னா?"

"உனக்கு யாரும்மா சொன்னா?"

இருவரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அறிவிப்பாளர் செய்தித்தாளைக் கீழே இறக்கினார்.

"ரெண்டு காதுலயும் ஊதினது ஒரே வாய்தானா?"

அம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். "பாவி! வாயைத் திறந்து வாக்கை உடைச்சிட்டியே!"

"உடையட்டும்டி. அதுல எந்த வாக்கு உடைஞ்சுது? உன்னுதா, அவளுதா?" என்றார் அறிவிப்பாளர்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குக் கிளம்பினார். மருமகன் ஏற்கெனவே அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"என்ன மாமா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. ஊர்க் காதையெல்லாம் இன்னிக்குக் கொஞ்சம் குடையப் போறேன்."

ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. முதலாளிக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலியில் சித்தர். ஆட்டம் தொடங்கும் முன்பு ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பான ரசிகர்களே! நம்ம சித்தருக்கு ஒரு மரியாதை செய்யப் போறோம். வாயைத் திறக்க வேண்டாம். சொன்னாத்தானே வாக்கு உடையும்? எழுந்து நின்னா போதும். இன்னிக்கு நாம ஜெயிப்போம்னு சித்தர் யாரு காதுல சொன்னாரோ, அவங்கல்லாம் எழுந்திரிங்க!"

ஒரு பெருங்கூட்டம் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தது. முதலாளியும் எழுந்தார்.

"உட்காராதீங்க, அப்படியே நில்லுங்க. தோப்போம்னு சொன்னது யாருகிட்ட? கூச்சப்படாம எழுந்திரிங்க."

இன்னொரு கூட்டம் தயங்கித் தயங்கி எழுந்தது. முதலாளிக்குப் பின்னாலேயே அவருடைய மச்சானும் எழுந்தார். முதலாளி திரும்பிப் பார்த்தார். மச்சான் வானத்தைப் பார்த்தார்.

"சரி. டிரான்னு கேட்டவங்க?"

மிச்சமிருந்தவர்களும் எழுந்தார்கள். வரிசை வரிசையாக நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தான். கடைக்காரர் எதிர்க் கடைக்காரரைப் பார்த்தார். ஊரே நின்றது, சித்தர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவரும் எழுந்தார். "ரகசியம் வெளியாயிடுச்சு! வாக்கு உடைஞ்சிடுச்சு!" என்று கத்தினார்.

"பரவாயில்லை சாமி, பழசை விடுங்க. புதுசா ஒரே ஒரு வாக்கு. இந்த மைக்குல சொல்லுங்க, எல்லாக் காதுலயும் ஒண்ணா விழட்டும்."

மைக்கை அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினார்கள். சித்தர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "மைக்குல அருள் இறங்காது" என்றார்.

"பெட்டியில மட்டும் தினம் இறங்குச்சே!" என்று ஒரு குரல் எழுந்தது. ஸ்டேடியமே சிரித்து அதிர்ந்தது.

முதலாளி தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்போ என் கீப்பர் பார்வையில தோஷம்னு சொன்னது?"

சித்தருக்குத் திடீரென்று மௌன விரதம் வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. இடைவேளைக்குள் ஒரு கோல் வாங்கினோம். சித்தரின் நாற்காலி அதற்குள் காலி. காணிக்கைப் பெட்டியோடு பின்வாசல் வழியாக நழுவியவரை வாசல் காவலாளி மடக்கினார். பெட்டி மாட்டிக்கொண்டது, சித்தர் மதில் ஏறிக் குதித்து மறைந்தார். அவர் செய்துகாட்டிய ஒரே அற்புதம் அதுதான்.

இடைவேளையில் பயிற்சியாளர் முதலாளியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீப்பரின் தோளில் தட்டி, "போப்பா, வலையைப் பார்த்துக்கோ" என்றார். கீப்பர் போனார். விழுந்தார், பாய்ந்தார், முட்டி தேயப் புரண்டார். ஒரு பந்தை முகத்தால் தடுத்ததில் உதடு கிழிந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நம்மவர் உதைத்த பந்து எதிரணிக்காரர் ஒருவரின் முதுகில் பட்டு, வழி தவறி அவர்கள் வலைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. டிரா. அணி தப்பியது. கீப்பரின் மனைவி வேலியைத் தாண்டி ஓடி, கிழிந்த உதட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பேக்கரிக்காரர் ஒருவர் கைகூப்பியபடி மைதானத்துக்குள் ஓடிவந்தார்.

"பார்த்தீங்களா! டிரான்னு என் காதுல சொன்னாரு, அப்படியே நடந்துடுச்சு! மகானைத் துரத்திட்டீங்களே!"

அவருக்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டம் தலையாட்டியது. அந்தக் கூட்டம் வளரவும் தொடங்கியது.

கீப்பர் உதட்டு ரத்தத்தைத் துடைத்தார். "அண்ணே, ஆட்டம்னா ஜெயிக்கணும், தோக்கணும், இல்லைன்னா டிராவாகணும். மூணையும் சொல்லி வச்சா ஒண்ணு நடந்துதானே தீரும்? அப்படின்னா நான் விழுந்து விழுந்து பிடிச்சது எல்லாம் யாரு கணக்குல?"

பேக்கரிக்காரர் கூப்பிய கையோடு சித்தர் குதித்த மதில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சித்தர் எப்போது வருவார் என்று யோசித்தாரோ என்னவோ!

ஐயா ரசிகர்களே, தலை பந்தை முட்டுவதற்கு மட்டும் வைத்த உறுப்பு அல்ல. உள்ளே மூளை என்று ஓர் ஆட்டக்காரர் காலம் காலமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். தயவுசெய்து, ஒருமுறையாவது அவரை ஆட்டத்தில் இறக்குங்கள்!