அடுக்களை வழியாக ரோமாபுரி

கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே போடி மலையிலிருந்து ஏலக்காய் ரோமாபுரிக்குப் போன பாதையை, தொன்மை வணிகப் பாதை மீட்புப் பிரிவு சென்ற ஆண்டு வரைபடத்தில் கண்டுபிடித்தது. அந்தப் பாதை வீரலட்சுமியின் அடுக்களை வழியாகப் போயிற்று. எனவே அடுக்களையை இடித்துப் பாதையை மீட்பதென்று முடிவாயிற்று.

கள ஆய்வாளர் பால்ராஜ் டேப்போடு வந்தார். வீரலட்சுமியின் கணவர் முத்துக்கிருஷ்ணனுக்குக் குரங்கணிக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். "தோட்டத்துல சோலி கெடக்கு" என்று ஜீப்பேறிவிட்டார்.

கான்வென்டில் சரித்திரத்துக்கு மெடல் வாங்கிய வீரலட்சுமி விடுவாளா?

"ரோமாபுரிக்காரன் என் சிங்க் வழியாவா சார் போனான்?"

"வரைபடத்துல சிங்க் இல்லம்மா. அதான் ஆக்கிரமிப்பு."

"அப்ப இது அந்தக் கால ஏலக்கா வியாபாரி வீடுன்னு எழுதிக்கங்க. இடிக்கக் கூடாதுல்ல?"

"ஆதாரம்?"

ஆதாரத்துக்கு எங்கே போவாள்? டீயைக் கொடுத்தாள். பால்ராஜ் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏலக்காய் ஊர்ல வெறுந்தோலையா போடுறீங்க?"

"நல்ல காய் பூரா ஏலத்துக்குப் போயிரும் சார். எங்க மாமியாருக்கு மாமியார் காலத்துலருந்து வீட்டுக்குத் தொலிதான்."

பால்ராஜ் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "நல்லதையெல்லாம் கடல்தாண்டி அனுப்பிட்டுத் தோலைக் குடிக்கிற பரம்பரை! இதைவிட என்னம்மா ஆதாரம் வேணும்?"

ஆணை வந்தது: 'மேற்படி அடுக்களை உயிருள்ள தொல்சான்றாக அறிவிக்கப்படுகிறது. அதில் ஒரு முழு ஏலக்காய் காணப்படினும் அறிவிப்பு ரத்தாகி, அடுக்களை இடிக்கப்படும்.' வீரலட்சுமி அதற்கு ஃப்ரேம் போட்டாள். கான்வென்ட் தோழிகளின் வாட்ஸ்அப்பில் முப்பத்தேழு பேர் கைதட்டினார்கள்.

ஒரு நாள் காலை, ஏலத்தில் மாதிரி காட்டவென்று முத்துக்கிருஷ்ணன் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள முதல்தரப் பச்சைக் காய் ஒரு பிடியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வாசலில் பால்ராஜின் குரல்.

"திடீர் ஆய்வும்மா!"

காயை ஒளிக்க நேரமில்லை. கொதிக்கிற டீயில் அத்தனையையும் கொட்டினாள். வடிகட்டியதும் சக்கையைக் கீரைக் காம்புக்கு அடியில் புதைத்தாள். பால்ராஜ் டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து, திருப்தியாகி, மாதாமாதம் வந்து குடித்துப் பழகிய தொலி டீதானே என்று டம்ளரைக் கையில் எடுத்தார்.

ஒரு மடக்கு. முகம் சுருங்கிற்று. வீரலட்சுமிக்கு அடுக்களைச் சுவர் ஆடுவது போலிருந்தது.

"என்னம்மா இது, என்னமோ வாடை அடிக்குது? பால் கெட்டுப்போச்சா?"

அவளும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றாள் மனதாரவே. "கெட்டுத்தான் போயிருக்கு. கீழ ஊத்திருங்க, வெரசா வேற போட்டுத் தர்றேன்."