உப்பளத்தில் நான் செத்துப்போன மத்தியானம்

அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. யாரும் திட்டமாட்டார்கள். கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கினாலும் "பாவம், பெத்தவங்க இல்லாத புள்ள" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் மரக்காணத்தில் எங்கள் மூன்று பேரின் தலையையும் அத்தனை பேர் தடவினார்கள். தம்பி விக்கிக்கு உச்சந்தலை வழுக்கையாகிவிடும் என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

அப்பாவும் அம்மாவும் ஈசிஆரில் ஒரே பைக்கில் போய் ஒரே லாரியில் முடிந்துபோனார்கள். (எதையும் சேர்ந்தே செய்கிற ஜோடி.) அப்போது அக்கா சுமதிக்குப் பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு, விக்கிக்கு எட்டு. எங்களுக்கு மிஞ்சியது உப்பளத்தை ஒட்டிய ஓட்டு வீடு, அந்தக் கோடை முழுக்க அப்பா பாடுபட்டு வாரிக் குவித்த ஓர் உப்பு அம்பாரம், குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த சித்தி. அவ்வளவுதான்.

கூடவே, நாங்கள் கேட்காமலே வந்து சேர்ந்தார் வானூர் பெரியப்பா. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். காரியத்தன்று அவர் அழுத அழுகையை மறக்கவே முடியாது. ஒரு கண் அழுதது, இன்னொரு கண் பீரோவைப் பார்த்தது. மறுநாள் காலையில் வாசலிலிருந்து கொல்லை வரை அடி மேல் அடி வைத்து நடந்து வீட்டை அளந்தார். கதவைத் தட்டிப் பார்த்து, "தேக்கா, வேம்பா?" என்று என்னிடமே கேட்டார். (நான் வேறு அக்கறையாக, "ஜன்னல்கூட தேக்குதான் பெரியப்பா" என்றேன்.)

அந்த வாரமே எங்கள் எதிர்காலத்தையும் முடிவு செய்துவிட்டார். அக்கா திருப்பூர் பக்கம் ஏதோ மில் ஹாஸ்டல். நான் சென்னையில் அவருக்குத் தெரிந்தவர் வீட்டில் "கூடமாட ஒத்தாசை". விக்கிக்கு ஓர் ஆசிரமம். ஆளுக்கொரு திசையில் நாங்கள், நடுவில் வீட்டோடு அவர்.

சித்தி ஓடி வந்தாள். "பசங்கள நான் பார்த்துக்கறேன். இங்கயே வந்து தங்கிடறேன்" என்றாள்.

"நீயே ஒண்டிக்கட்ட. வயசுப் பொண்ணு இருக்கிற வூட்டுக்கு ஆம்பள துணை வேணாமா? எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ போயி தோச சுடு" என்றார் பெரியப்பா.

சித்தி விடவில்லை. மனு எழுதிப் போட்டாள். பெரியப்பாவும் ஒரு மனு போட்டார். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று விசாரிக்க ஓர் அதிகாரி மேடம் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அந்த மேடத்தின் ஒரு வார்த்தையில்தான் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருப்பதா, மூன்று ஊருக்குப் பிரிவதா என்பது இருந்தது.

மேடம் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். அது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கதையின் முதல் கேவலம். இரண்டாவது கேவலம் என் நடிப்பு. ஸ்கூல் ஆண்டு விழாவில் மரமாக நின்று பாராட்டு வாங்கியவள் நான். அந்தத் திமிரில் ஒரு திட்டம் போட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் பாத்திகளுக்கு விடுவதற்காக உப்புத்தண்ணீர் தேக்கி வைக்கிற குட்டை ஒன்று இருந்தது. மேடம் பார்க்க நான் அதில் விழுவேன். விக்கி "ஐயோ, அக்கா முழுகிட்டா!" என்று கத்துவான். வெள்ளை வேட்டியில் சேறு படும் என்று பெரியப்பா கரையிலேயே நிற்பார். சித்தி குதித்துவிடுவாள். யாருக்கு எங்கள் மேல் பாசம் என்று மேடத்துக்குப் புரிந்துவிடும். (குட்டையில் தண்ணீர் முட்டிக்கால் அளவு. அதில் முழுக வேண்டுமென்றால் படுத்தால்தான் உண்டு.) சித்தியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நடிப்பு இயற்கையாக வராதாம், டைரக்டர் அம்மாவான நான் அப்படி முடிவு செய்திருந்தேன்.

மேடம் வந்தார். பெரியப்பா என் தோளில் கை போட்டு, வெளியே தெரியாமல் கிள்ளிக்கொண்டே, "எம் புள்ளைங்க மாதிரி மேடம்" என்றார். "உள்ள புழுக்கமா இருக்குது மேடம், பின்னாடி காத்து வரும்" என்று அக்கா எல்லோரையும் குட்டைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். எல்லோருக்கும் பின்னால் காபித் தட்டோடு சித்தி வந்துகொண்டிருந்தாள். வானம் வேறு லேசாக மூட்டம் போட்டிருந்தது. அங்கங்கே ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

நான் "ஆ!" என்று ஓர் அலறல் அலறிவிட்டுத் தொபுக்கடீர் என்று விழுந்தேன். முட்டியில் இருந்த சிராய்ப்பில் உப்புத்தண்ணீர் பட்டதும் உயிர் நிஜமாகவே போய்விடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிணமாக மிதந்தேன்.

நான் விழுந்த வேகத்தில் தெறித்த தண்ணீர் விக்கியின் முகத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். மூட்டம். அவ்வளவுதான், வசனம் மறந்துபோய்த் தொண்டை கிழியக் கத்தினான்: "மழ! மழ வருது!"

உப்பளத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நல்ல மழை போதும், மாசக்கணக்கில் பட்ட பாடு கரைந்து ஓடிவிடும். அதனால் "மழை" என்று குரல் கேட்டால் எது யாருடைய அம்பாரம் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். சண்டைக்காரனாக இருந்தாலும் சரி, கிட்டே இருக்கிற அம்பாரத்துக்கு ஓடி, கீற்றோ தார்ப்பாயோ எதையாவது போட்டு மூடவேண்டும். மற்ற பேச்செல்லாம் அப்புறம்.

ஆட்கள் ஓடினார்கள். பக்கத்து உப்பளத்து கபூர் பாய் தன் அம்பாரத்தை விட்டுவிட்டு, கிட்டே இருந்த எங்கள் அம்பாரத்துக்கு ஓடினார். விக்கி ஓடினான். தங்கை முழுகிவிட்டதாக அழவேண்டிய அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிணமும் எழுந்து ஓடியது. ஆமாம், நான்தான். மழை என்று காதில் விழுந்த பிறகு செத்துக் கிடக்கிற பழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. மேடத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன்.

பெரியப்பா உப்பளம் பழகாத மனிதர், வழக்கம் தெரியாது. எல்லோரும் ஓடுவதைப் பார்த்து, உப்பைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். இருப்பதிலேயே பெரிய அம்பாரத்தின் மேல் பாய்ந்து ஏறி, இரண்டு கையையும் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். "டேய்! தொடாதீங்கடா! இது எந்தம்பி உப்பு! வூடும் எனக்கு, உப்பும் எனக்கு! எவனாச்சும் கிட்ட வந்தீங்க!"

"அண்ணே, அது என் அம்பாரம்ங்க. உங்க தம்பியோடது இங்க இருக்குது. மூடியாச்சு, இறங்கி வாங்க" என்றார் கபூர் பாய், மூச்சு வாங்கியபடி.

மழையே பெய்யவில்லை. மேடம் ஃபைலைத் திறந்தார்.

"பசங்களுக்குச் சொத்து எதுவும் இல்ல, பரிதாபப்பட்டுத்தான் ஏத்துக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே சார்?"

பெரியப்பா அம்பாரத்தின் மேல் படுத்தபடியே, "அது வந்துங்க மேடம்..." என்றார்.

அப்போதுதான் குட்டைப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினேன். உப்பளத்து வழக்கமெல்லாம் தெரிந்த சித்தி மட்டும் உப்புக்கு ஓடவில்லை. ஆட்கள் ஓடிய அமளியில் நான் எழுந்து ஓடியதையும் அவள் பார்த்திருக்கவில்லை. முட்டிக்கால் தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே, "கவிதா... அடியே கவிதா..." என்று கதறிக்கொண்டிருந்தாள்.

தார்ப்பாயை விட்டுவிட்டுக் குட்டைப் பக்கம் ஓடினேன். "சித்தி, நான் இங்க இருக்கேன்" என்றேன்.

சித்தி கரையேறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு கன்னத்தில் பளீரென்று ஒன்று விட்டாள். மறுபடியும் கட்டிக்கொண்டாள். அம்மா போனதிலிருந்து யாரும் என்னை அடித்ததில்லை. அந்த அறையை வாங்கிக்கொண்டு நான் அழுததில் பாதி சந்தோஷம்.

மேடம் ஃபைலை மூடிவிட்டார். "உங்க யாரையும் நான் எதுவும் கேக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பெரியப்பா அன்று சாயங்கால பஸ்ஸிலேயே வானூருக்குப் போனார். வேட்டியின் முன்பக்கம் முழுக்கக் கபூர் பாயின் உப்பு அப்பிக் கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு டிரங்குப் பெட்டியோடும் குக்கரோடும் சித்தி வந்தாள். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேரும் அதே வீட்டில்தான் இருந்தோம். எனக்கு மட்டும் அந்த வீட்டில் பெயர் மாறிப்போனது. "செத்தவளே, சாப்பிட வா" என்றுதான் சித்தி கூப்பிடுவாள்.

போன வருஷம் எனக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் மாப்பிள்ளைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே சித்தி அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, இவ எப்பனா தண்ணியில விழுந்துட்டா நீங்க பதறிப்போயி குதிச்சிடாதீங்க. மொதல்ல கரையில பாருங்க, எவன் உப்பையாவது மூடிட்டு இருப்பா."